கறுப்புத் தாளில் வெண்கட்டி: கீத் ஹாரிங்கின் தெருவோவியங்கள்

ஓவியக்கலையின் வரலாறு பெரும்பாலும் எஞ்சிநின்ற பொருள்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குகைச்சுவரும் கோயிற்சுவரும் நூதனசாலைச் சட்டகமும் காத்துத் தந்தவற்றையே ஆய்வாளர் எடுத்து நோக்குவர். காக்கப்படாது போனவை கணக்கில் வருவதில்லை. தெருவோவியம் இம்மரபுக்கு இடையூறாக நிற்பது. சுவரின் உரிமையாளரைக் கேளாது, விலை குறிக்காது, போவோர் வருவோர் கண்ணிற் படட்டும் என்று அது வரையப்படுகின்றது. மழைக்கும் வெயிலுக்கும் மாநகரசபை ஊழியரின் தூரிகைக்கும் அது இரையாவது வரைந்தவனுக்கு முன்னமே தெரிந்த செய்தி. அத்தகைய ஆக்கம் ஒன்றைச் சிறந்ததெனக் கண்டு போற்ற முற்படுவோர் உடனடியாக ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். அதனைக் காப்பாற்ற வேண்டுமாயின் இருந்த இடத்தினின்றும் பெயர்த்தெடுக்க வேண்டும். பெயர்த்தெடுத்தால் அது தெருவோவியமாக இராது. அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங்கின் ஆக்கங்களுக்கு நேர்ந்த கதி இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுவது. அவற்றை அழித்தவர்களுள் பகைவரிலும் பார்க்க இரசிகரே அதிகம் எனலாம்.

ஹாரிங் தொழிற்பட்ட சூழலை முதலில் அறிதல் வேண்டும். எழுபதுகளில் நியூயோர்க் மாநகர் கடும் பணமுடையில் வீழ்ந்திருந்தது. 1975இல் நகர நிருவாகம் வங்குரோத்து நிலையின் விளிம்புவரை சென்று மீண்டது. நிலக்கீழ்ப் புகையிரதங்கள் பழுதுற்றும் அழுக்கடைந்தும் ஓடின. அவற்றின் பெட்டிகளில் நகரத்து இளைஞர், குறிப்பாகக் கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்தோரும், தம் புனைபெயர்களை மையாலும் விசிறு வர்ணத்தாலும் எழுதிவந்தனர். 'டாக்கி 183' என்ற ஒப்பத்தைப் பற்றி 1971 யூலையில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை கட்டுரை வெளியிட்டதும் எழுதுவோர் தொகை பெருகிற்று. அடுத்த ஆண்டே நகரசபை இதற்கெதிராகச் சட்டமியற்றியது. இளைஞரின் எழுத்துகள் வளைந்தும் பின்னியும் பருத்தும் அழகிய வடிவங்களாக வளர்ந்தன. ஆயினும் அவ்வட்டத்துக்கு வெளியே நின்றவர்களால் அவற்றை வாசிக்க முடிந்ததில்லை. வேலைக்குச் செல்லும் சாதாரணப் பயணிக்கு அவை நகரத்தின் சீரழிவுக்கு அடையாளமாகவே தோன்றின.

இச்சூழலுக்குள் 1978இல் வந்து சேர்ந்த இருபது வயது இளைஞரே ஹாரிங். 1958 மே 4ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்து ரெடிங் நகரிற் பிறந்து, அருகிலுள்ள குட்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். பொழுதுபோக்காகக் கேலிச்சித்திரம் வரையும் தந்தையிடமிருந்தே கோட்டோவியப் பழக்கம் அவருக்கு வந்தது. பிற்ஸ்பேர்க்கில் வர்த்தக ஓவியக் கல்லூரியொன்றிற் சேர்ந்து, அது தமக்கு ஒவ்வாதெனக் கண்டு விலகினார். 1977இல் அந்நகரில் நடைபெற்ற பெல்ஜிய ஓவியர் பியர் அலெச்சின்ஸ்கியின் கண்காட்சி அவரை வெகுவாகப் பாதித்தது. தங்கு தடையின்றி ஓடும் கோட்டினைக் கொண்டே பெரிய ஓவியங்களை ஆக்கலாம் என்ற துணிவை அதுவே அவருக்கு அளித்தது. நியூயோர்க்கில் கட்புலக் கலைகளுக்கான கல்லூரியிற் பயின்றபோது குறியியலிலும் ஈடுபாடு கொண்டார். சொல்லின்றி, ஒரு சில குறிகளை மாற்றி மாற்றிச் சேர்ப்பதனால் மட்டும் பொருளை உணர்த்தல் கூடுமா என்ற வினா இக்காலத்திலிருந்தே அவரைத் தொடர்ந்தது.

அவ்வினாவுக்கு விடை கிடைத்தது கல்லூரியில் அன்று. நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தில். நிலையச் சுவர்களில் விளம்பரங்களுக்கெனச் சட்டமிட்ட பகுதிகள் இருந்தன. விளம்பர ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்தது வரும்வரை பழைய விளம்பரத்தின்மேற் கறுப்புத் தாளொன்றை ஒட்டிவிடுவது வழக்கம். நகரம் பணமுடையில் இருந்தமையால் இவ்வாறு கருந்தாள் மூடிய சட்டங்கள் மலிந்து கிடந்தன. 1980ஆம் ஆண்டு முடிவடையும் காலத்தில் டைம்ஸ் சதுக்க நிலையத்தில் இத்தகைய தாளொன்று ஹாரிங்கின் கண்ணிற் பட்டது. உடனே மேலேறிச் சென்று கடையொன்றில் வெண்கட்டி வாங்கிவந்து அதன்மேல் வரைந்தார். பள்ளிப் பிள்ளையின் கருவிக்கு மேற்பட்ட எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. மென்மையான அத்தாளில் வெண்கட்டி தடையின்றி ஓடியது. ஆனால் அழித்துத் திருத்த வழியில்லை. இட்ட கோடு இட்டதுதான்.

1980 தொடக்கம் 1985 வரையான காலத்தில் அவர் இவ்வாறு வரைந்தவை ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை என மதிப்பிடப்படுகின்றது. சில நாட்களில் நாற்பது வரை வரைந்ததுண்டு. ஒரு நிலையத்தில் இறங்கி, வரைந்து, அடுத்த வண்டியில் ஏறிச் சென்று, மறு நிலையத்தில் மீண்டும் இறங்குவார். முதலில் எல்லைக்கோடிட்டுச் சட்டமமைப்பார். பின்னர் முன்வரைவு எதுவுமின்றி உருவங்களை இழுப்பார். பொலிசார் வருமுன் முடிக்க வேண்டியிருந்தமையால் ஓவியம் ஒவ்வொன்றும் சில நிமிடங்களுள் நிறைவேறியது. இவ்வவசரம் அவரது நடையை உருவாக்கியது என்பதை மறுத்தற்கில்லை. நிழலும் ஆழமும் முகபாவமும் விரல்நுனியும் வரைவதற்கு நேரமில்லை. எஞ்சியது ஒரே பருமனுள்ள கோடு; அக்கோட்டுக்குள் மனிதன் ஆணென்றோ பெண்ணென்றோ, வெள்ளையன் என்றோ கறுப்பன் என்றோ பிரித்தறிய இயலாத வெற்றுருவமாக ஆகிவிடுகின்றான். பலவந்தத்தாற் பிறந்த சுருக்கம் கொள்கைக்கும் பொருந்திவந்தது இவ்வோவியங்களின் பேறு.

அவற்றில் மீள மீள வரும் உருவங்கள் சிலவே. தவழும் குழந்தையைச் சுற்றிக் கதிர்கள் வீசும். குரைக்கும் நாயொன்று வரும். பறக்கும் தட்டு, கூம்புக் கோபுரம், தொலைக்காட்சிப் பெட்டியைத் தலையாகக் கொண்ட மனிதன் ஆகியனவும் வரும். கதிர்க்கோடுகள் ஆற்றலைக் குறித்தன. பறக்கும் தட்டிலிருந்து பாயும் கதிர்பட்ட நாயும் தானே கதிர்வீசத் தொடங்கும். அந்நாயை மனிதர் வணங்குவர். அடுத்த நிலையத்தில் அதே நாயை மனிதர் தடியால் அடிப்பர். அதிகாரம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் கதை இது என்று ஒருவர் கொள்ளலாம். வெறும் விளையாட்டு என்று மற்றொருவர் கொள்ளலாம். வயிற்றில் துளையுள்ள மனிதன் என்னும் உருவம், 1980 டிசெம்பரில் பாடகர் ஜோன் லெனன் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியின் பின் தம்மிடம் தோன்றியதென ஹாரிங் கூறியுள்ளார். இதனை அறியாதவனுக்கும் அவ்வுருவம் உறைக்கும். நாய்கள் அத்துளையினூடு பாய்ந்து செல்வதைப் பார்த்தபின் விளக்கம் வேண்டியதில்லை. தலைப்போ வாசகமோ பெரும்பாலானவற்றிற் கிடையாது. விளம்பரங்கள் வரிசையாகத் தொங்கும் சுவரில் எதையும் விற்காத ஒரு சட்டம் மட்டும் இருந்தால், அது எதை விற்கின்றதென்று பயணி நின்று தேடுவான். அந்தத் தேடலே இரசனையின் முதற்படியாயிற்று.

இங்கு பார்வையாளர் வகித்த இடம் விதந்து கூறத்தக்கது. காட்சிக்கூடத்துக்குச் செல்பவன் ஓவியம் பார்க்கவெனச் செல்கின்றான். புகையிரத மேடையில் நிற்பவனோ வண்டிக்காகக் காத்திருக்கின்றான். ஹாரிங் பட்டப்பகலில், கூட்டத்தின் நடுவே நின்று வரைந்தார். சூழ்ந்து நின்றவர்கள் இதன் பொருளென்ன என்று கேட்டனர். அது உங்களுடைய வேலை என்னும் பாங்கில் மறுமொழி கூறி, கதிர்வீசும் குழந்தை பொறித்த சின்னங்களை அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அச்சின்னத்தை அணிந்த இருவர் வண்டியிற் சந்தித்தால் அறிமுகமாகிப் பேசிக்கொள்வர். திறனாய்வாளர் எவரும் இவ்வோவியங்களைக் கண்டுபிடித்து அறிமுகஞ் செய்யவில்லை. வேலைக்குப் போய்வந்தவர்களே முதலிற் கண்டு கொண்டவர்கள்.

சட்டம் அவரையும் விடவில்லை. பல தடவை கைது செய்யப்பட்டார், தண்டமும் செலுத்தினார். தம்மைப் பிடித்த பொலிசாருள் தம் ஓவியங்களை விரும்பியோரும் இருந்தனர் என்று அவரே சொல்லியிருக்கின்றார். இதனை வேடிக்கையாக மட்டும் கூறிச் செல்வது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. 1983 செப்டெம்பர் 15ஆம் திகதி அதிகாலையில் மைக்கேல் ஸ்ரூவேட் என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞன் முதலாம் அவெனியூ நிலையச் சுவரில் எழுதினான் எனக் குற்றஞ்சாட்டிப் போக்குவரத்துப் பொலிசார் அவனைக் கைது செய்தனர். நினைவிழந்த நிலையில் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட அவன் செப்டெம்பர் 28ஆம் திகதி இறந்தான். வழக்குத் தொடரப்பட்ட பொலிசார் அனைவரும் 1985 நவம்பரில் விடுவிக்கப்பட்டனர். ஒரே நகரம், ஒரே நிலக்கீழ்ச் சுவர், ஒரே சட்டம். வெண்கட்டி பிடித்த வெள்ளை இளைஞருக்குத் தண்டச்சீட்டு, கறுப்பு இளைஞனுக்குச் சாவு. ஹாரிங்குக்கு இது மறைவாக இருக்கவில்லை. 1985இல் அவர் தீட்டிய பெரிய ஓவியமொன்றில் ஸ்ரூவேட்டின் கழுத்து நெரிக்கப்படுகின்றது. சுற்றி நிற்போர் கண்களை மூடிக்கொள்கின்றனர்.

இச்சாவினை மற்றொருவரும் வரைந்தார். ஜோன் மிஷெல் பாஸ்கியா, ஸ்ரூவேட் இறந்த சில நாட்களுள், ஹாரிங்கின் வேலைக்கூடச் சுவரிலேயே அக்காட்சியைத் தீட்டினார். 1985இல் அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்தபோது ஹாரிங் அச்சுவர்ப்பகுதியை வெட்டியெடுத்துச் சென்றார். பின்னர் அலங்காரச் சட்டமிட்டுத் தம் படுக்கையின் மேல் மாட்டி, இறக்கும்வரை வைத்திருந்தார். சுவரில் உள்ளது சுவரோடு அழியட்டும் என்று ஐயாயிரம் ஓவியங்களை விட்டுச்சென்ற கைகளே இதனை வெட்டி எடுத்தன. இதில் முரண்பாடு உண்டு. ஆயினும் அதனைக் குறையாகக் கூறுவதற்கில்லை. துயரத்துக்குச் சான்று வைத்திருக்க விரும்புவது மனித இயல்பு. 2019இல் அவ்வோவியத்தை மையமாகக் கொண்டு நியூயோர்க்கின் குகன்ஹைம் நூதனசாலை கண்காட்சியொன்றையே நடத்தியது.

நிலக்கீழ் ஓவியங்களைப் பற்றி இன்று எதையும் கூற முடிகின்றதெனின் அதற்குப் பெரிதும் காரணர் ஒரு புகைப்படக்காரர். கொங்கொங்கிற் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த செங் குவொங் சி ஹாரிங்கின் நண்பர். வரைந்து முடித்ததும் ஹாரிங் தொலைபேசியில் நிலையங்களின் பெயரைச் சொல்வார். செங் உடனே புறப்பட்டுச் சென்று, துடைக்கப்படுமுன் படமெடுப்பார். ஆயிரக்கணக்கான படங்கள் இவ்வாறு சேர்ந்தன. வெறும் ஓவியத்தை மட்டுமின்றி மேடையையும் தூணையும் அயல் விளம்பரத்தையும் கடந்து செல்லும் பயணியையும் அவர் சேர்த்தே எடுத்தார். எடுத்துச் செல்லாமல் காக்கும் வழி ஒன்று இருந்ததென்பதற்கு இப்படங்களே ஆதாரம். ஹாரிங் இறந்த மறுமாதம், 1990 மார்ச்சில், செங்கும் எயிட்ஸ் நோயால் இறந்தார்.

1982 ஒக்டோபரில் டோனி ஷஃப்ராசியின் காட்சிக்கூடத்தில் ஹாரிங்கின் முதற் பெருங் கண்காட்சி நடைபெற்றது. (இந்த ஷஃப்ராசி 1974இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையிலிருந்த பிக்காசோவின் 'குவேர்னிக்கா'வின்மேல் விசிறு வர்ணத்தால் வாசகம் எழுதிக் கைதானவர், எழுத்துக்காரருக்கு ஏற்ற வணிகர்தான்.) அதே ஆண்டில் மேற்கு ஜேர்மனியின் கசல் நகரில் நிகழ்ந்த 'டொக்குமென்டா' கலைவிழாவிலும் அவருடைய ஆக்கங்கள் இடம்பெற்றன. விலை ஏறிற்று. அதன் விளைவு நிலத்தின் கீழ் உடனே தெரிந்தது. கறுப்புத் தாள்களை மக்கள் வெட்டியும் கிழித்தும் கொண்டுசெல்லத் தலைப்பட்டனர். காலையில் வரைந்தது மாலையிற் சுவரில் இல்லை. எவரோ விற்பதற்காக வைத்திருந்தார். பயணிகள் பார்ப்பதற்கென வரைந்தது பயணிகள் கண்ணிற் படாமலே போயிற்று. தம் ஓவியம் தெருவுக்குச் சேராதென்று கண்ட ஹாரிங் 1985 அளவில் வெண்கட்டியைக் கீழே வைத்தார். ஐந்தாண்டுகளாகப் பொலிசாரால் நிறுத்த முடியாததைச் சந்தை நிறுத்திவிட்டது.

1986 ஏப்ரலில் லபயெற் வீதியில் அவர் 'பொப் ஷொப்' என்னும் கடையைத் திறந்து, தம் உருவங்கள் பதித்த மேற்சட்டைகளையும் சின்னங்களையும் மலிவாக விற்றார். கலையை வணிகமாக்கிவிட்டார் என்று பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் ஓரளவு உண்மை உண்டெனினும், அதனைச் சொன்னவர்கள் காட்சிக்கூடத்தில் ஓவியமொன்று பல்லாயிரம் டொலருக்கு விற்பதை வணிகமாகக் கருதவில்லை என்பதும் நோக்கற்பாலது. அக்கடை 2005இல் மூடப்பட்டது.

நிலத்தின் கீழிருந்து வெளியே வந்த ஹாரிங் சுவர்களை நாடினார். 1986 யூன் 27ஆம் திகதி, ஹார்லம் ஆற்றோர நெடுஞ்சாலையருகே கைவிடப்பட்ட பந்தாட்டத் திடலின் சுவரில், 'கிராக்' என்னும் போதைப்பொருள் கேடு என உரைக்கும் பெரிய ஓவியமொன்றை அனுமதியின்றி ஒரே நாளில் தீட்டினார். அவருடைய உதவியாளர் ஒருவர் அப்போதைக்கு அடிமையாகியிருந்தமை அதற்கு உடனடிக் காரணம். பொலிசார் வழக்குப் பதிந்தனர். எவரோ வாசகத்தை மாற்றிப் போதைக்குச் சார்பாக்கினர். நகர ஊழியர் சுவர் முழுவதையும் சாம்பல் வர்ணத்தால் மூடினர். பத்திரிகைகளும் பொதுமக்களும் ஓவியருக்காகப் பேசவே, பூங்காத் திணைக்களம் மன்னிப்புக் கோரி அவரையே அழைத்தது. ஒக்டோபரில் அதே சுவரில் மீண்டும் தீட்டினார். அம்மாதத்திலேயே பெர்லின் சுவரின் மேற்குப் புறத்தில் ஏறத்தாழ 100 மீற்றர் நீளத்துக்கு மஞ்சள் பூசி, கையும் காலும் பிணைந்த மனிதச் சங்கிலியைச் சிவப்பாலும் கறுப்பாலும் வரைந்தார். அவை இரு ஜேர்மனிகளின் கொடிகளுக்கும் பொதுவான நிறங்கள். சில நாட்களுள் வேறு கைகள் அதன்மேல் எழுதிவிட்டன. மூன்று ஆண்டுகளின் பின் சுவரே இல்லாது போயிற்று.

1988இல் தமக்கு எயிட்ஸ் நோய் உள்ளதை ஹாரிங் அறிந்தார். அதன்பின் அவரது வேலைவேகம் கூடிற்றேயன்றிக் குறையவில்லை. 1989 பெப்ரவரியில் பார்சலோனாவின் ராவல் பகுதியில் நோயைப் பற்றியே ஒரு சுவரோவியம் வரைந்தார். யூன் மாதம் இத்தாலியின் பீசா நகரில், புகையிரத நிலையத்தின் அருகே, புனித அந்தோனி தேவாலயத்தைச் சேர்ந்த மடத்தின் புறச்சுவரில் 180 சதுர மீற்றர் பரப்பில் முப்பது உருவங்களைத் தீட்டினார். 'முழு உலகம்' என்று பொருள்படும் 'துத்தோமொந்தோ' என அதற்குப் பெயர். நியூயோர்க் தெருவில் தற்செயலாகச் சந்தித்த இத்தாலிய மாணவன் ஒருவனுடன் பேசியதில் பிறந்தது இவ்வேலை. அனுமதியுடன், உறுதியான வர்ணத்தால், நிலைத்திருக்க வேண்டுமென்ற நோக்குடன் அது தீட்டப்பட்டது. காலையில் வரைந்து மாலையில் இழக்கச் சம்மதித்தவர் தம் இறுதி ஆண்டில் நிற்கும் சுவரை விரும்பினார். 1990 பெப்ரவரி 16ஆம் திகதி 31 வயதில் அவர் மறைந்தார்.

அதன்பின் எழுந்த வினா, எஞ்சிய சுவர்களை என்செய்வது என்பது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில், கொலிங்வூட் தொழினுட்பப் பாடசாலைச் சுவரில் அவர் 1984 மார்ச்சில் ஒரு நாளில் வரைந்த, கணினித் தலையுடைய கம்பளிப்புழு வெயிலில் வெளிறிக்கொண்டிருந்தது. புதுவர்ணம் பூசிப் பழைய பொலிவைத் தருவதா, ஓவியரின் கை இட்ட வர்ணத்தை மங்கியவாறே பேணுவதா என்று அங்கு ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. முடிவில் 2013இல் மேற்பூச்சின்றித் துப்புரவு செய்து பேணும் முறையே கைக்கொள்ளப்பட்டது. ஹார்லம் சுவரிலோ 2019இல் பழைய கோடுகளின்மேல் புதுவர்ணமே பூசப்பட்டது. விரைந்து செல்லும் வாகனத்திலிருந்து பார்க்கவெனத் தீட்டிய எச்சரிக்கை மங்கிக் கிடந்தால் அது எச்சரிக்கையாகாது. இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. எனினும் அவ்வச் சுவரின் தன்மைக்கு ஒவ்வொன்றும் பொருந்துகின்றது.

மூன்றாவது முடிவும் அதே 2019இல் எடுக்கப்பட்டது. நியூயோர்க்கில் கத்தோலிக்கப் பங்கொன்றின் இளைஞர் இல்லத்தில், எண்பதுகளின் முற்பகுதியில், மூன்று மாடிப் படிக்கட்டின் சுவர் நெடுகிலும் ஹாரிங் தம் உருவங்களை வரைந்திருந்தார். படியேறும் பிள்ளைகளோடு கூடவே அவையும் ஏறின. கதிர்வீசும் குழந்தையும் குரைக்கும் நாயும் அவற்றுள் இருந்தன. பணத்தேவையுற்ற பங்கு அச்சுவரைப் பதின்மூன்று துண்டுகளாக அறுத்தெடுத்து ஏலத்துக்கு அனுப்பியது. அங்கு வளர்ந்தவர்கள் சிலர் ஆட்சேபித்தனர். நவம்பரில் அத்துண்டுகள் ஏறத்தாழ 38 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டன. 2024 நவம்பரில், எண்பதுகளில் நிலையச் சுவர்களிலிருந்து எவரெவரோ கழற்றிய கறுப்புத் தாள்களுள் 31, ஒரே சேகரிப்பாளரிடமிருந்து ஏலத்துக்கு வந்து, ஏறத்தாழ 92 இலட்சம் டொலர் பெற்றன. வாங்குவோர் பார்வையிடும் மண்டபத்தை ஏலநிறுவனம் நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தைப் போலவே அலங்கரித்து வைத்திருந்தது.